நாலு நாளுல வியட்நாமா, தம்பி?

வா தம்பி, உக்காரு. பசியாறிட்டியா? கையில என்னா காயிதம்? ஓ, வியட்நாம் பயணமா! லீவு நாலு நாளு. ஊரு அஞ்சு. ஹனோய், ஹாலோங், டானாங், ஹோய் ஆன், சைகோன். ஆறரைக்குப் பாலம், எட்டு மணிக்கு மீ சூப்பு, ஒம்போதுக்குக் 'கலாச்சாரம்'. அதுக்கு எம்புட்டு நேரம்? முக்கா மணியா! தோட்டத்துல கிராணிகூட எங்கள இப்பிடி வெரட்டினதில்லேடா.

ஹனோய்க்கும் சைகோனுக்கும் ரயில்ல 1,700 கிலோமீட்டருக்கு மேல. போர்ட்டிக்சன் போயி கால நனைச்சிட்டு ராத்திரிச் சோத்துக்கு மம்பாவ் திரும்பற தூரமா இது? பாதி லீவு ஏர்போட்டுலயே போயிரும். ஒரு பக்கத்தப் புடி, போதும்.

எப்பப் போறே? தீபாவளிக்கா? பேஷ். டானாங், ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பருலதான் அடைமழை. ஹோய் ஆன்ல ஆறு ஏறிச்சுன்னா தெருவுல படகு வுடுவான். நீ காயிதக்கூண்டு வெளக்குக்குக் கீழ நின்னு படம் புடிக்க வெள்ளச் சட்ட வாங்கி வச்சிருக்கே. மழ என்னா ஒன்னோட இன்ஸ்டாகிராமக் கேட்டுட்டா பெய்யும்? சரி, சீனப் பெருநாளுக்குப் போறேங்கிறியா? அவனுக்கும் அன்னைக்குத்தான் புதுவருசம். பாதிக் கட சாத்திக் கெடக்கும்.

இது என்னா, வட்டம் போட்டிருக்கே? பா நா மலையில ரெண்டு பெரிய கை தாங்குற பாலமா? ராசா காலத்துக் கல்லுக் கையின்னு நெனச்சியாக்கும். 2018ல தொறந்தது. கம்பி வலையும் ஃபைபர்கிளாசும். பழசாத் தெரியணும்னே செஞ்சிருக்கான். நெசமாவே பழசு அதே டானாங் பக்கத்துல மி சோன்ல இருக்கு. சாம்பா ராசாங்க 4ஆம் நூத்தாண்டுலேருந்து 13ஆம் நூத்தாண்டு வரைக்கும் கட்டின செங்கக் கோயிலுங்க. முக்காவாசி சிவன் கோயிலு. 1969ல அமெரிக்காக்காரன் போட்ட குண்டுல பெரிய கோபுரம் சாஞ்சிருச்சு. குண்டு வுழுந்த பள்ளத்துல இன்னைக்குப் புல்லு மொளச்சிருக்கு. ஒன் காயிதத்துல அது எங்க? இல்ல. ஃபைபர் கைக்கு மட்டும் ஒன்றர மணி நேரம்!

சாப்பாட்டுக்கு நச்சத்திரம் எண்ணிக்கிட்டு இருக்காதே. எந்தக் கட வாசல்ல உள்ளூரான் மோட்டர நிறுத்திட்டு குட்டி முக்காலியில குந்தித் திங்கிறானோ, அங்க குந்து. 'ஃபோ' மீ சூப்புன்னா பெரும்பாலும் மாட்டெறச்சி. கோழி வேணும்னா 'ஃபோ கா'ன்னு கேளு. ஒங்கம்மாவுக்குத் தெரியாம எதத் தின்னாலும் அது ஒன் பாடு. சைவம்னா 'சாய்'னு போர்டு மாட்டின கடையப் பாரு. அமாவாச, பௌர்ணமிய ஒட்டி அவங்கள்லயும் நெறையப் பேரு சைவந்தான். மத்த எடத்துல கீரையில கூட மீன் சாறு ஊத்திருவான், சொல்லிட்டேன்.

கோப்பி கேட்டா தகர வடிகட்டிய கிளாஸ் மேல வச்சிட்டுப் போயிருவான். அடியில கெட்டிப்பாலு. பால்மரத்துலேருந்து மங்குல எறங்குற கணக்கா சொட்டு சொட்டா எறங்கும். அவசரப்பட்டுத் தட்டாதே. பத்து நிமிசம் சும்மா குந்த முடியுமா ஒன்னால? காயிதத்துல அதுக்கு எடமே இல்லையே!

சைகோன்லேருந்து கூச்சி சுரங்கத்துக்குப் போறவங்க பஸ்ஸுலயே தூங்கிருவாங்க. நீ முழிச்சிக்கிட்டு வெளிய பாரு. வரிசையா ரப்பர் மரம். இங்க அழிச்சிட்டு செம்பனை வச்சானே, ஒன் தாத்தா வெட்டின அதே மரம்டா. அங்க அந்தக் காலத்துல மிச்செலின் டயர்க் கம்பெனிக்காரன் வடக்கேருந்து சனங்கள ஒப்பந்தத்துல கொண்டாந்து தோட்டத்துல போட்டு வாட்டினான். 1930ல பூ ரியெங் தோட்டத்துல அவங்க வேல நிறுத்தமே செஞ்சாங்க. ஒன் முக்கா மணிக் கலாச்சாரத்த அந்த ரப்பர் மரத்தப் பாத்து செலவு பண்ணு.

சைகோன் டவுனுக்குள்ள துரோங் தின் தெருவுல மாரியாத்தா கோயிலு இருக்கு. தமிழ் யாவாரிங்க கட்டினது. இப்பக் கும்புடறவங்கள்ல வியட்நாம்காரங்களும் சீனவங்களுந்தான் நெறைய. கல்லுச் செவுத்துல நெத்திய வச்சு மொணமொணன்னு வேண்டுவாங்க. ஆத்தாளுக்கு அந்தப் பாஷையும் வரும்போல.

கோயிலுக்குப் போக சடக்கத் தாண்டணும். மோட்டருங்க நிக்காது. ஓடாதே, நடுவுல நிக்காதே, பின்னாடியும் வாங்காதே. ஒரே சீரா மெல்ல நட, அவங்களே ஒதுங்கிப் போவாங்க. குறுக்கால நின்னு செல்ஃபி புடிச்சீன்னா, அதுக்கு என்கிட்ட யோசன கெடையாது. ஆத்தாகிட்டத்தான் கேக்கணும்.