பிடிமானம், தேய்மானம்: ஹாக்கி மட்டையின் கிரிப் குறித்து எம். புதுப்பட்டியிலிருந்து ஓர் ஆய்வு

தமிழில் ‘மானம்’ என்று முடியும் சொற்கள் ஏராளம். வருமானம், செரிமானம், அனுமானம், அவமானம். ஹாக்கி ஆடுகிறவனுக்கு இவற்றில் எதுவும் நிச்சயமில்லை; அவன் கவலைப்பட வேண்டியது பிடிமானம், தேய்மானம் என்ற இரண்டுக்காக மட்டுமே. மட்டை கையில் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் கிளவுஸின் உள்ளங்கை தேய்ந்துதான் ஆகும் என்பது மைதானத்துப் பொதுக் கருத்து. அது பிழை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் எனக்கு முன் யாரும் தமிழில் ஆராய்ந்ததாகக் காதுக்கு எட்டவில்லை. ஆகவே முந்தைய அறிஞர்களை மறுக்கும் சிரமம் மிச்சம்.

ஆய்வுக்களம் சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டி. வத்திராயிருப்புப் பக்கம் இருக்கும் வ. புதுப்பட்டி வேறு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: நான் வரவழைத்த முதல் கிரிப் பார்சல் அங்கே போய் மூன்று நாள் தங்கிவிட்டுத்தான் என்னிடம் வந்தது. ஓர் எழுத்து மாறினால் ஓர் ஆய்வு மூன்று நாள் தள்ளிப்போகும்.

எங்கள் ஊரில் ‘உராய்வு’ கெட்ட வார்த்தை. சுற்றிலும் பட்டாசு யூனிட்டுகள். மருந்து அறைக்குள் பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். இரும்புச் சாமான் ஆகாது. நைலான் சட்டை ஆகாது, பருத்திதான். இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே தெரியும். ஆனால் இதே வட்டாரத்துக்குச் சோறு போட்டதும் உராய்வுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்தது வேறென்ன? குச்சியின் தலையைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு முறை இழுத்தால் தீப்பற்ற வேண்டும். அந்தப் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸோடு கண்ணாடித் தூளும் கலந்திருக்கிறது. வாசகர் அந்தக் கண்ணாடித் தூளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஹாக்கி எங்களுக்குக் கோவில்பட்டி வழியாக வந்தது. சாத்தூர் போய் பஸ் மாறினால் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், தீப்பெட்டி ஊர், ஹாக்கி ஊர். அங்கே செயற்கைப் புல் மைதானமும் அரசு விளையாட்டு விடுதியும் இருக்கின்றன; லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிறது. அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார். கோவில்பட்டிப் போட்டிகளைப் பார்த்துத் திரும்பிய நாலைந்து பேர்தான் எங்கள் ஊரின் ஒட்டுமொத்த ஹாக்கி. ஞாயிற்றுக்கிழமையும், யூனிட்டில் லீவு விட்ட நாளும் ஆட்டம். மைதானம் என்று சொல்லப்படுவது கரிசல் காடு. மழை பெய்தால் அதுவும் கிடையாது.

பனிக்கட்டியில் ஆடும் ஹாக்கியில் இரண்டு கைக்கும் மெத்தை மாதிரி கிளவுஸ் உண்டு; உறைந்த குளத்தில் ஆடும் லடாக்காரருக்கும் அப்படியே. மட்டையில் துணி டேப் சுற்றுவார்கள், அது உள்ளங்கைத் தோலைத் தின்றுவிடும் என்பது அங்கே பழைய புலம்பல். நம்முடைய ஹாக்கியில் பெரும்பாலோர் வெறுங்கைதான். செயற்கைப் புல் வந்த பிறகு, தாழ்வாக மட்டையை வைக்கும்போது இடது கை முட்டிகள் தரையில் சிராய்ப்பதால் இடது கைக்கு மட்டும் போடுகிறவர்கள் பெருகினார்கள். நான் ஜோடியாக வாங்கினேன். கரிசல் காட்டில் அதை மாட்டிக்கொண்டு இறங்கியபோது “வெல்டிங் பட்டறையில இருந்து நேரா வாறியா?” என்று கேட்டார்கள். இரண்டு மாதத்தில் இரண்டு உள்ளங்கையும் உரிந்தன. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதப் போட்டு விளையாடுனீங்களா?” என்றார். இந்த ஆய்வு அந்த நொடியில் தொடங்கியது.

முதலில், எங்கே தேய்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. எங்கள் அணியில் இருவர் பேன்சி ரகப் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாலும் கை ரேகைக்குள் அலுமினியப் பவுடர் வெள்ளிக் கோடாக நின்றுவிடும். என் மட்டையில் புதிதாகச் சுற்றியிருந்த கறுப்பு கிரிப்பை ஒரு நாள் அவர்களில் ஒருவர் வாங்கி ஒரு மணி நேரம் ஆடிவிட்டுக் கொடுத்தார். திருப்பி வாங்கிப் பார்த்தால் கறுப்பின் மேல் வெள்ளியில் ஒரு வரைபடம். மட்டையின் தலைமாட்டில், இடது கை பிடிக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குக் கீழுள்ள சதைமேடும் கட்டைவிரல் அடியும் கெட்டியாக, விளிம்பு தெளிவாகப் பதிந்திருந்தன. அதற்குக் கீழே, வலது கைப் பக்கம், ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவில்லாத பூச்சு, தாவணியில் கை துடைத்த மாதிரி.

இந்த வித்தியாசம்தான் விஷயத்தின் சாரம். பந்தை இடம் வலமாகத் தட்டிப் போகும்போது மட்டையைத் திருப்புவது இடது கை. வலது கை வெறும் குழாய். மட்டை அதற்குள் சுழலும், அந்தக் கையும் தேவைக்கேற்ப மேலும் கீழும் ஓடும். ஓங்கி அடிக்கும்போது மேலே போய் இடது கையோடு ஒட்டிக்கொள்ளும். பந்தை நிறுத்தும்போது கீழே இறங்கும். ஆக ஒரே கம்பில் ஒரு கைக்கு வழுக்கவே கூடாது, இன்னொரு கைக்கு வழுக்கியே ஆக வேண்டும். கடையில் விற்பதோ மேலிருந்து கீழ்வரை ஒரே கிரிப். கூட்டுக் குடும்பத்தில் ஒரே சாம்பாரை எல்லாருக்கும் ஊற்றுவது மாதிரி.

இனி கோட்பாடு. உராய்வையும் தேய்மானத்தையும் படிக்கும் இயலுக்கு ‘டிரைபாலஜி’ என்று பெயர். 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் குழு கொடுத்த அறிக்கையில் புழக்கத்துக்கு வந்த சொல். அதற்கும் முன்பே, 1953-ல், ஆர்ச்சர்டு என்பவர் ஒரு விதி சொன்னார்: எவ்வளவு அழுத்துகிறாய், எவ்வளவு தூரம் வழுக்குகிறாய் என்ற இரண்டையும் பெருக்கி, தேய்கிற பொருளின் கடினத்தால் வகுத்தால் வருவதற்கு ஏற்பத் தேய்மானம் இருக்கும். அவர் உலோகத்தை வைத்துச் சொன்னார், புதுப்பட்டிக்கும் பொருந்துகிறது. வழுக்கிய தூரம் பூஜ்யம் என்றால் தேய்மானமும் பூஜ்யம். ஆகவே இடது கைக்கு எவ்வளவுக்கெவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு கிளவுஸ் பிழைக்கும். பிடிமானம் கூடினால் தேய்மானம் குறைகிறது. மைதானத்துப் பொதுக் கருத்து இத்தோடு முறிந்தது. இரண்டு சக ஆட்டக்காரர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது பொருள். சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றுவது எங்கள் பக்கத்துப் பழைய முறை. காய்ந்த கையில் நன்றாகப் பிடிக்கும். வியர்த்தால் விரால் மீன். கறுப்புச் சாயம் இலவசம். எலெக்ட்ரிக் கறுப்பு டேப் சித்திரை வெயிலுக்கு ஆகாது: பசை இளகி ஓரத்தில் கசியும், கிளவுஸை எடுக்கும்போது தோல் இழை இழையாக ஒட்டிக்கொண்டு வரும். இது தேய்தல் அல்ல, உரிதல். ஆய்வில் தனி வகை. துணி டேப் முதல் வாரம் சொர்க்கம். பிறகு நெசவுக்குள் கரிசல் மண் ஏறும், வியர்வை உப்புக் காயும். அப்போது விரலால் தடவிப் பாருங்கள்: தீப்பெட்டியின் பக்கவாடு. கண்ணாடித் தூள் மட்டும்தான் இல்லை. அந்தப் பட்டையில் ஊரே குச்சியைத் தேய்க்கும்போது, நான் கிளவுஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மெத்தென்ற பாலியூரித்தேன் கிரிப் மிஞ்சுகிறது. சின்னத் துளைகள் வியர்வையை வாங்கிக்கொள்ளும். இதன் பெரிய குணம், கிளவுஸுக்கு முன்னால் இது தேய்ந்துவிடும். இரண்டு பொருள் உரசினால் மென்மையானதுதான் பெரும்பாலும் போகும். போகிறது விலை குறைந்ததாக இருக்கட்டும். கிரிப் சாகப் பிறந்த பொருள். அதைக் காப்பாற்ற நினைத்துக் கிழிந்த பிறகும் மாற்றாமல் இருப்பவன்தான் புதுக் கிளவுஸுக்குப் பணம் தேடுவான். இடது கைக்கு ஒட்டும் ரகம், வலது கைக்கு வழவழப்பான ரகம், நடுவில் ஒரு சுற்று டேப். இதுவே என் சித்தாந்தம்.

ஆனால் இதைச் சுற்றும் விதத்தில் சறுக்கினேன். காப்பாற்றியது அத்தை. அத்தை முப்பது வருஷமாகக் காகிதக் குழாய் சுருட்டுகிறவர். யூனிட்டிலிருந்து காகிதக் கட்டு வீட்டுக்கு வரும், கம்பியும் மைதாப் பசையுமாகத் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு நிற்காது, கையும் நிற்காது. அன்று நான் எதிரே உட்கார்ந்து மட்டையின் மேல் நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“ஏய்யா, அந்தக் கம்ப இங்க குடு.”

கொடுத்தேன். வலது கையால் மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினார். நகம் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கித் தடுக்கி இறங்கியது.

“ஓரமெல்லாம் மேல பாத்துட்டு இருக்கே. கை எறங்கறப்ப இடிக்காதா? ஓடு வேயறவன் முகட்டுல இருந்தா ஆரம்பிப்பான்?”

ஆய்வாளன் வாயடைத்தான். நாட்டு ஓடு இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்கு ஏறும். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படியும், தண்ணீர் தடங்கலில்லாமல் இறங்கும். கீழிருந்து மேலே சுற்றினால் கிரிப்பின் ஓரங்கள் கீழே பார்க்கும். இறங்கும் கை ஓட்டின் மேல் மழை. ஏறும் கைக்கு இடிக்குமே என்று மடக்கினேன். “ஏறறப்ப கையத் தளத்து. எறங்கறப்பதான அழுத்துவ?” என்றார் அத்தை. ஹாக்கி ஆட்டத்தை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. காகிதத்துக்கு ஓட்டம் உண்டு, அந்தப் பக்கம் சுருட்டினால்தான் மடிப்பு விழாமல் வளையும், எதிர்ப்பக்கம் சுருட்டினால் முரண்டு பிடிக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். கிரிப்பை இழுத்துப் பார்த்தேன். அதற்கும் இருந்தது.

இங்கே தத்துவ வழக்கு ஒன்று குறுக்கிடுகிறது. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும்போது அதைத் தவிர்க்க முடியாது. வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியைக் காட்டுவார்கள்: குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள்: தாயே கவ்வித் தூக்கிப்போகும், குட்டி சும்மா இருந்தால் போதும். சைக்கிள் டியூப் கட்சி குரங்குக் கட்சி. ஆட்டக்காரன் இறுக்கிப் பிடித்தால்தான் மட்டை நிற்கும், இறுக்கினால் ஆர்ச்சர்டு கணக்கில் தேய்மானம் ஏறும். ஒட்டும் கிரிப் பூனைக் கட்சி. கையை அதுவே பிடித்துக்கொள்ளும். இடது கையைப் பொறுத்தமட்டில் நான் பூனை. வலது கையைப் பற்றி இரண்டு கலையிலும் எதுவும் சொல்லப்படவில்லை.

ஒட்டுகிறது என்பதற்காகச் சுற்றிக்கொண்டே போகவும் முடியாது. சர்வதேச விதிப்படி, மேலே சுற்றியது உட்பட மட்டை 51 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். எடை 737 கிராமைத் தாண்டக் கூடாது. எடைக்குப் பலசரக்குக் கடைத் தராசு இருக்கிறது. வளையத்துக்கு? வளையல் கடையில் ‘இரண்டு-பூஜ்யம்’ என்று கேட்டால் இரண்டு அங்குல உள்விட்டம் தருவார்கள். அதாவது 50.8 மில்லிமீட்டர். அதில் நுழைந்தால் எதிலும் நுழையும். அக்கா மகளின் பித்தளை வளையலில் என் மட்டை மூன்றாம் முறை தேறியது. முதல் முறை கண்ணாடி வளையலில் முயன்றது பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை, அக்கா விரித்தாயிற்று.

தன்ராஜ் பிள்ளையை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் வாசகர் மன்னிக்க மாட்டார். தமிழ்க் குடும்பம், 1968-ல் புனே பக்கம் கட்கியில் பிறந்து, ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். உடைந்த மட்டைகளில் பழகியவர் 1992 முதல் 2004 வரை நாலு ஒலிம்பிக் ஆடினார். வெடிமருந்துக்கும் ஹாக்கிக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்ட ஆசைதான். ஒரே ஒரு சான்றை வைத்துக்கொண்டு முடிவுகட்டக் கூடாது என்ற ஆய்வு நெறி தடுக்கிறது.

எங்கள் அணியின் மற்றவர்களுக்கு இந்த ஆய்வால் பயனில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் கிளவுஸே கிடையாது. உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருக்கிறது. மரம் ஒரு பருவம் காய்க்கும், இது பருவம் தவறாமல் காய்க்கிறது. தேய்ந்தால் தானே வளரும் கிளவுஸ் இது ஒன்றுதான், இரவல் கொடுக்க முடியாது என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

போன மாதம் அத்தையோடு ரேஷன் கடைக்குப் போனேன். விரல் வைக்கும் மெஷின் அத்தையின் கட்டைவிரலை ஏற்கவில்லை. சேலையில் துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. நடுவிரலைப் பார்த்தேன்: நுனி பசை காய்ந்து காய்ந்து வழவழவென்று, கூழாங்கல் மாதிரி. “அமுத்தி வைங்கம்மா” என்றார் கடையிலிருந்தவர். அமுக்கினால் தேய்மானம் கூடும் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பின்னால் வரிசை நீண்டது. அத்தை ஒவ்வொரு விரலாக வைத்துக்கொண்டே போய் இடது கை மோதிர விரலுக்கு வந்தார். மெஷின் ‘பீப்’ என்றது.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து அத்தை சுருட்டுவதை அருகே குனிந்து பார்த்தேன். கம்பியைத் தள்ளுவது கட்டைவிரல், காகிதத்தை இழுத்துப் பிடிப்பது ஆள்காட்டி விரல், பசை தொடுவது நடுவிரல், ஓரத்தை அணைப்பது சுண்டுவிரல். இடது கை மோதிர விரல் மட்டும் எதிலும் படாமல், சற்றே தூக்கியபடி, சும்மா இருந்தது.