புஷ்ஷின் ஆயுள்: தஞ்சோங் மாலிம் வட்டாரக் காட்டுவழி வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருள் வரையறை

புஷ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரண்டு இரும்புக் குழாய்களும், இடைவெளியை அடைத்து இரண்டோடும் ஒட்டிக்கொண்ட ரப்பரும் சேர்ந்த சிறு உருளை. வெளிக்குழாய் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் துளைக்குள் அழுத்திச் செருகப்படும். உட்குழாய் போல்ட்டால் சேஸியோடு இறுக்கப்படும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது இங்கே எதுவும் எதன்மீதும் உராய்வதில்லை. நடுவிலிருக்கும் ரப்பர் மட்டும் முறுகிக்கொடுத்துப் பிறகு நிமிர்கிறது. இது கிரீஸ் கேட்பதில்லை, சத்தம் போடுவதில்லை. சத்தம் போடத் தொடங்கும் நாளில்தான் இப்படி ஒன்று வண்டியில் இருப்பதே உரிமையாளருக்குத் தெரியவருகிறது.

காட்டுவழி வண்டி எது என்பதில் இரு கொள்கைகள் உண்டு. பிறப்புக் கொள்கையினர், நான்கு சக்கரமும் இழுக்க, தனிச் சேஸிமேல் உயர்ந்து நிற்கும் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் போன்றவையே அவ்வினம் என்பர். ஒழுக்கக் கொள்கையினர், தார் முடிந்த பிறகும் போகிற எதுவும் காட்டுவழி வண்டியே என்பர். இரண்டாவதை ஏற்றால், வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் பொங்கல் பானையோடு போய்வரும் பழைய கஞ்சில் காரும் காட்டுவழி வண்டி ஆகிறது. பெரிய டயரும் ஸ்நார்க்கலும் பூட்டிப் பேரங்காடி வாசலில் நிற்கும் ஹைலக்ஸ் ஆகாமல் போகிறது. புஷ் வண்டியின் விளம்பரத்தைப் படிப்பதில்லையாதலால், இவ்வாய்வு ஒழுக்கக் கொள்கையையே மேற்கொள்கிறது.

2. ஆய்வுப் பரப்பு

தஞ்சோங் மாலிம் பேராக்கின் தென்கோடி. பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். இரு கரையிலும் புஷ் ஒரே மாதிரியே தேய்கிறது. மாநில எல்லையால் யாதொரு வேறுபாடும் காணப்படவில்லை. 2004இல் புரோட்டோனின் ஜென்-2 இங்குள்ள ஆலையிலிருந்து வெளிவந்தது முதல் இது கார் நகரம். அதற்கு முன்பு நெடுங்காலம் ரப்பர்த் தோட்ட நகரம். ஆக, புஷ்ஷின் மூலப்பொருளும் புஷ் பூட்டிய காரும் ஒரே வட்டாரத்தில் விளைந்திருக்கின்றன.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ரப்பர் விதைகளின் வழிவந்த ஒன்பது கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் பேராக் முழுதும் பால்மரம் பரவியது. அதை வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தனர். ஒரு பால்மரம் ஐந்தாறு வயதில் வெட்டுக்கு வந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் கத்தியைத் தாங்கிப் பால் தரும். அந்தப் பாலில் பிறந்த புஷ், அதே தோட்டத்துச் செம்மண் சாலையில் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. இம்முரணை முந்தைய ஆய்வாளர் எவரும் சுட்டவில்லை; முந்தைய ஆய்வாளர் எவரும் இல்லாமையால் அதற்காக யாரையும் குறைகூற இயலவில்லை.

இன்று அச்சாலைகளின் இருபுறமும் பெரும்பாலும் செம்பனை. மழைக்காலத்தில் செம்பனை லோரிகளின் சக்கரத்தடம் வாய்க்காலாகிறது; வெயிலில் அதுவே காய்ந்து பாறையாகிறது. குறுக்கே நீர்வடியும் பள்ளங்கள் தனி. எனினும் தார்விட்டு இறங்காத வண்டிகளுக்கும் விலக்கில்லை. தாமான்களின் வேகத்தடைகள் அக்குறையை நிறைவு செய்கின்றன.

3. வகைப்பாடு

மெல்லினம்: இயற்கை ரப்பரால் ஆனது. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு, விரிசல் மேலே ஓடாமல் தடுக்கின்றன. செயற்கை ரப்பர் வந்து இத்தனை காலமாகியும் புஷ் தொழில் பால்மரத்தைக் கைவிடாததற்கு இக்குணமே முதற்காரணம்.

வல்லினம்: பாலியூரித்தேன். எண்ணெய்க்கும் சுமைக்கும் எளிதில் அசையாது. ஆனால் இது முறுகுவதில்லை. உட்குழாயின்மேல் வழுக்கிச் சுழல்கிறது. ஆதலால் கிரீஸ் வேண்டும். கிரீஸ் வற்றினால் கதவுக்கீல்போல் கிரீச்சிடும். சாலையிலுள்ள ஒவ்வொரு கல்லின் செய்தியையும் ஓட்டுநரின் முதுகெலும்புக்குத் தாமதமின்றிச் சேர்க்கும்.

இடையினம்: உள்ளே திரவம் நிரப்பிய ரப்பர் புஷ். ஓட்டம் மிக மென்மை. திரவம் கசிந்த பிறகு மெல்லினத்திலும் சேராது, வல்லினத்திலும் சேராது.

4. இறப்புக்கான காரணங்கள்

இயற்கை மரணம் களைப்பால் நேர்வது: பல லட்சம் முறை முறுகி நிமிர்ந்த ரப்பரில் நுண்விரிசல் தோன்றி, நாளடைவில் குழாயைவிட்டுப் பிரியும். இது அரிது. பெரும்பாலான புஷ்கள் பின்வரும் வழிகளில் ஒன்றில் அகால மரணம் அடைகின்றன.

எண்ணெய்: என்ஜினிலிருந்தோ ஸ்டியரிங் குழாயிலிருந்தோ கசியும் எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதி மெத்தென்றாக்கும். "கொஞ்சம்தான் கசியுது" என்று விடப்பட்ட வண்டிகளில் இது மிகுதி.

சேறு: ஆற்றில் இறங்கி ஏறிய வண்டியில் நீரும் மண்ணும் தங்கி இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். துருவின்மேல் ரப்பர் ஒட்டி நிற்காது. உட்குழாயோ போல்ட்டோடு ஒன்றாகிப்போய், கிரைண்டர் வைத்து அறுத்தாலன்றி வராது. 1997இல் தொடங்கி மழைக்காலம் பார்த்து நடத்தப்படும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் இதற்கென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகின்றனர். செம்பனைத் தோட்டத்து ஓட்டுநர் இதைச் சம்பளத்துக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்.

உயரம்: அழகுக்காக வண்டியைச் சில அங்குலம் தூக்கிவிட்டால் ஆர்மின் கோணம் மாறி, புஷ் நின்ற இடத்திலும் முறுகியே நிற்கும். காற்றிலுள்ள ஓசோன் தளர்ந்திருக்கும் ரப்பரை அவ்வளவாகத் தொடாது. இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் குறுக்காக வெடிக்கவைக்கும். ஆகவே தூக்கிய வண்டி போர்ச்சில் சும்மா நிற்கும்போதும் அதன் புஷ் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்பேனர்: இதுவே ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு. புது புஷ் பூட்டும்போது வண்டி ஜாக்கில் இருக்கிறது, சக்கரம் தொங்குகிறது, கைக்கு வாகாக இருக்கிறதே என்று போல்ட்டை அப்போதே முழுதாக இறுக்கிவிடுவது எளிது. வண்டி தரைக்கு இறங்கியதும் ஆர்ம் மேலே எழும். இறுகிப்போன உட்குழாய் அதனுடன் எழாது. பிறந்த நாள் முதலே அந்தப் புஷ் முறுகிய நிலையில் வாழ்கிறது. அடுத்த பள்ளத்தில் தாங்கக்கூடியதைவிட மிகுதியாக முறுகிக் கிழிகிறது. போல்ட்டை விரலிறுக்கமாக விட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, ஒருமுறை ஆட்டிவிட்டுக் கடைசி இறுக்கம் கொடுப்பதே முறை. அதற்கு வண்டிக்கடியில் ஒருமுறை படுத்து எழவேண்டும். அந்த ஒரு படுக்கையின் சோம்பலுக்குப் பலியான புஷ்களின் பழியும் தோட்டச் சாலையின்மேல் எழுதப்படுகிறது.

5. மூன்று மரணங்கள்

ஒரு புஷ் மூன்று முறை சாகிறது.

முதல் மரணம் ரப்பரில். விரிசல் உள்ளே ஓடிவிட்டது. வெளியே யாருக்கும் தெரியாது. பிரேக் பிடித்தால் வண்டி சற்றே ஒருபக்கம் சாயும். டயரின் ஓரம் ஒருபக்கமாகத் தேயும். பழி டயர்க்கடைக்காரர்மேல் விழும்.

இரண்டாம் மரணம் காதில். மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது "டொக்" என்று கேட்கும். ஒற்றையாகக் கேட்டால் ஒரு பக்கம், இரட்டைக்கிளவியாகக் கேட்டால் இரு பக்கமும் எனக் கொள்க. இதை முதலில் கேட்பவர் பெரும்பாலும் பின்னிருக்கைப் பெரியம்மா. ஓட்டுநர் வானொலியின் ஒலியைக் கூட்டுவார். இச்சிகிச்சை சில மாதங்களுக்குப் பலனளிக்கும்.

மூன்றாம் மரணம் பணப்பையில். இது பட்டறையில் நிகழ்வது. போர்மேன் ஆர்முக்கும் சேஸிக்கும் இடையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிறார். ரப்பர் வாய்பிளந்து உள்ளிருக்கும் குழாய் பளிச்சென்று தெரிகிறது.

"புஷ் போச்சுண்ணே. ரெண்டு பக்கமும் மாத்திரணும்."

"தம்பி, தீபாவளி வரைக்கும் ஓடுமா?"

"ஓடும்ணே."

இந்த "ஓடும்ணே" என்பதில் பொய் ஏதும் இல்லை. புஷ் கிழிந்த வண்டி உடனே நின்றுவிடுவதில்லை. ஓடத்தான் செய்யும், டயரையும் அப்சார்பரையும் தின்றுகொண்டு. முதல் மரணத்துக்கும் மூன்றாவதற்கும் இடைப்பட்ட காலமே புஷ்ஷின் ஆயுளில் கணிக்க முடியாத பகுதி. அதை நிர்ணயிப்பது ரப்பரும் அன்று, சாலையும் அன்று. உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் நாள்.

6. ஆயுள் கணக்கு

தார்ச்சாலைக் காருக்கு ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி என்பது பட்டறை வழக்கு. தோட்டச் சாலைக்கு அதில் பாதி, சுமை ஏற்றினால் அதிலும் குறைவு என்பர். இக்கணக்கு முதல் மரணத்துக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாவதைக் கிலோமீட்டரில் சொல்வது வட்டார மரபன்று; அது பண்டிகைகளால் அளக்கப்படுகிறது. தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோவுக்கோ பத்துமலைக்கோ குடும்பத்தோடு போகுமுன் மாற்றுவோர் ஒரு சாரார். போய்வந்த பின் மாற்றுவோர் பெரும்பான்மையோர். போனஸ் கைக்கு வரும் மாதத்தில் புஷ்களின் இறப்பு திடீரென உயர்வதற்குப் பருவநிலை காரணமாகாது.

7. இறுதிச் சடங்கு

பழைய புஷ் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி வெளியேற்றப்படும். எதிர்ப்பக்கத்துப் புஷ்ஷும் அதே சாலையில் அதே தூரம் ஓடியதாதலால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை. ஒன்றை மட்டும் மாற்றுவோர் ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுப்பர். போல்ட்டைத் தரையில் நிறுத்தி இறுக்குவதும், பின் அலாய்ன்மெண்ட் பார்ப்பதும் கட்டாயம்.

எடுத்த புஷ்ஷை உரிமையாளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நிஜமாகவே மாற்றினார்கள் என்பதற்கு அது சான்று. சான்றின் தேவை முடிந்ததும் அது வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் தடுக்கும் பணியில் அமர்த்தப்படுகிறது. அசையாத தரை, எண்ணெய்க் கசிவு இல்லை, ஸ்பேனர் அண்டுவதில்லை. அப்பணியில் ஒரு புஷ்ஷின் ஆயுளுக்கு மேல்வரம்பு இதுவரை காணப்படவில்லை.