ஏழாம் மாசத்து நம்மாள்

வேளச்சேரியில் நாங்கள் மூவரும் வீடு தேடிய நாளில், அதிகம் துள்ளியவர் நம்மாள்தான். "பேச்சலருக்கு விடறதில்லப்பா" என்று ஒன்பது வாசலில் கேட்டுவிட்டுப் பத்தாவது வாசலில் நின்றோம். ஓனர் விளக்கைப் போடுவதற்குள் நம்மாள் காற்றோட்டத்தைப் புகழ ஆரம்பித்துவிட்டார். பால்கனிக்கு எதிரே நின்ற தென்னை மரத்தைக் காட்டி, "இந்த வியூவுக்கே தனியா ஆயிரம் ரூபா குடுக்கலாம் மச்சி" என்றார். ஓனர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். பதினேழாயிரம் என்று வாயெடுத்தவர் பதினெட்டாயிரத்தில் நிறுத்தினார். அட்வான்ஸ் ஐந்து மாதம், தொண்ணூறாயிரம். ஆளுக்கு முப்பது.

ஒப்பந்தம் வழக்கம்போல் பதினோரு மாதத்துக்கு. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதற்குப் பிடிகொடுக்காமல் நழுவத்தான் ஊரெல்லாம் இந்தப் பதினொன்று. தை மாதம் நல்ல நாள் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். நாங்கள் இருவரும் படிக்காமல் போட்டோம். நம்மாள் ரசிகனுக்குப் போடுவதுபோல் அடியில் ஒரு கோடு இழுத்துப் போட்டார்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம்மாள் போகப்போவதாகச் சட்டென்று சொல்லிவிட மாட்டார். முதலில் அவருடைய குணம் மாறும். ஆனி மாதம் பிறந்ததும், ஐந்து மாதமாகத் தொடாத பாத்திரத்தைத் தேய்த்தார். தண்ணீர் கேனைத் தானே மாடிக்குத் தூக்கி வந்தார். டீக்குக் காசு கொடுத்தார். திருந்திவிட்டார் என்று நினைத்தோம். ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளையடிப்பார்கள், வீட்டை விற்பதற்கு முன்னாலும் வெள்ளையடிப்பார்கள். எதற்கு என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

அடுத்து வீட்டின் மேல் குற்றம் வந்தது. "போர் தண்ணி உப்புடா, முடி கொட்டுது" என்றார். அவருடைய முடி கல்லூரியிலேயே கொட்டி முடிந்த கதை. பிறகு கொசு. பிறகு, "மழை வந்தா வேளச்சேரி தாங்காது" என்ற கவலை. கடைசியில் தென்னை மரத்துக்கே வந்துவிட்டார்: "காய் விழுந்தா யாரு பதில் சொல்றது?"

ஆடி முதல் வாரம், இரவு பதினொரு மணி. விளக்கை அணைத்த பிறகு இருட்டிலிருந்து குரல் வந்தது. "மச்சி, தப்பா எடுத்துக்காத..." இந்த மூன்று சொல்லுக்குப் பிறகு நல்ல செய்தி எதுவும் தமிழில் சொல்லப்பட்டதில்லை. ஆபீஸ் சிறுசேரிக்கு மாறுகிறதாம், அங்கே சித்தி மகன் ஃப்ளாட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறதாம். "நான் போறதால உங்களுக்கு ஒண்ணுமில்ல, இடம் தாராளமாத்தானே ஆகுது?"

இடம் தாராளமானது. வாடகை அப்படியேதான் இருந்தது. ஓனரிடம் போனோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "மூணு பேரு, ரெண்டு பேரு கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. அஞ்சாந்தேதி பதினெட்டாயிரம் வந்துடணும். அட்வான்ஸ் மொத்தமா காலி பண்ணும்போது, பெயின்டிங்குக்கு ஒரு மாசம் பிடிச்சுக்கிட்டுத் தருவேன்." அவர் சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது: பலர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, யாரிடமும் முழுசாகக் கேட்கலாம், கட்டியவர் மற்றவர்களிடம் பங்கை வசூலித்துக்கொள்ளலாம். வசூலிப்பது எப்படி என்பதை மட்டும் வெள்ளைக்காரன் நம்மிடம் விட்டுவிட்டுப் போனான்.

நம்மாளிடம் பங்கு கேட்கப் போனால், அவர் நம்மிடம் பாக்கி கேட்பார். "என் முப்பதாயிரத்த நீங்க குடுத்துடுங்க. ஓனர்கிட்ட பொறுமையா வாங்கிக்கோங்க." பொறுமை எங்களுடையது, ரூபாய் அவருடையது. மாற்று ஆள் கொண்டுவரச் சொன்னோம். கொண்டுவந்தார். முதல் ஆள் இரவு முழுக்க அமெரிக்காவோடு சத்தமாகப் பேசும் வேலையில் இருந்தார். இரண்டாமவர் தனியாக வரவில்லை, நாயோடு வந்தார். மூன்றாமவருக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஆனால் "ஆடியில குடி வந்தா அம்மா கொன்னுடுவாங்க" என்றார். நம்மாள் உடனே ஆடித் தள்ளுபடி அறிவித்தார்: "முதல் மாசம் ஆயிரம் ரூபா கம்மி!" எங்கள் பங்கிலிருந்து.

கரண்ட் கணக்குதான் உச்சம். இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் ரீடிங்குக்கு மூன்று நாள் முன்னால் அவர் மூட்டை கட்டினார். சித்திரை வெயிலில் தொடங்கிய ஏசியை ஆடிக் காற்றிலும் நிறுத்தாதவர், பில் விவகாரத்தில் தெளிவாக இருந்தார்: "நூறு யூனிட் ஃப்ரீ இல்ல? நான் ஓட்டுனது அந்த நூறுதான்."

போகும்போது மிக்ஸியை எடுத்துக்கொண்டார், அது அவருடையது. ஜார் நாங்கள் வாங்கியது, அதை விட்டுவிட்டார். பொதுவில் வாங்கிய பழைய ஃப்ரிட்ஜுக்கு அன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார். எங்களுக்காக விட்டுச்சென்றவை: கம்பி இல்லாத கிதார் ஒன்று, ஒரு ஜோடி டம்பெல்ஸ், இடது கால் செருப்பு. ஆட்டோவில் ஏறியபோது கண் கலங்கினார், அது மட்டும் நடிப்பில்லை. நம்மாள் கெட்டவர் இல்லை. அவருக்குப் பிரிவு தெரியும், வகுத்தல்தான் தெரியாது.

ஆவணி பிறந்ததும் புதியவர் ஒருவர் வந்தார். இந்த முறை நாங்கள் உஷார். நோட்டுப் புத்தகத் தாளில் மூன்று வரி எழுதினோம். பாதியில் போகிறவரே ஆள் பிடிக்க வேண்டும். ஆள் வரும்வரை தன் பங்கு வாடகையைக் கட்ட வேண்டும். அட்வான்ஸை வருகிறவரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். புதியவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு பால்கனிக்குப் போய்த் தென்னை மரத்தைப் பார்த்து, "செம வியூ ப்ரோ!" என்றார்.

அன்று சாயங்காலமே அந்தத் தாளை மூன்று ஜெராக்ஸ் எடுத்து வைத்தோம்.