எதுக்காவது ஆகும்: வீடு மாற்றும் மூட்டையியல் குறித்து ஓர் ஆய்வு

வாடகை வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று இடம்பெயரும்போது அதன் சாமான்கள் எம்முறையில் கட்டப்படுகின்றன, ஏன் அம்முறையில் கட்டப்படுகின்றன, கட்டிய பின் ஏன் கிடைப்பதில்லை என்ற மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சொந்த வீட்டுக்குக் குடிபோகிறவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதால் அவர்களுடைய வாக்குமூலத்தை நம்ப முடியாது. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓட்டலில் போய் உட்காருகிறவர்களையும் விலக்கியிருக்கிறோம். அது பொருளியல் துறை.

இத்துறை பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய ஆவணம் பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், போகிற வழியில் உப்பு விற்கும் உமணர்களின் வண்டிகளையும் காட்டிவிட்டுப் போகிறார். வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று கயிற்றில் தொங்குகிறது. காடி வைத்த கலம் இருக்கிறது. குழந்தை வைத்திருக்கும் பெண் மாட்டை ஓட்டுகிறாள். வேப்பிலை மாலை போட்ட கட்டுமஸ்தான ஆண்கள் வண்டிக்குப் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள். அதாவது வேலை ஒருவர் பார்க்க, மேற்பார்வை பலர் பார்க்கும் வழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது.

நமக்கு முக்கியம் அந்த உரல். அது ஏன் தொங்குகிறது? வண்டிக்குள் இடம் தீர்ந்த பிறகு, “அய்யய்யோ, உரலை விட்டுட்டோமே” என்று யாரோ ஓடிப்போய்த் தூக்கிவந்து கட்டினார்கள் என்றே கொள்ள வேண்டும். இன்றும் வண்டியின் பின்கதவு சாத்திய பிறகுதான் வாளி, கொடிக்கயிறு, துளசித் தொட்டி ஆகியவை வெளிப்படுகின்றன. வெளியே தொங்கியபடியே புது வீடு போய்ச் சேர்கின்றன. அந்த உரலைப் புலவர் பெண்யானையின் முழங்காலோடு ஒப்பிடுகிறார். 2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்தது. மூட்டைக்கும் யானைக்கும் உள்ள உறவு சங்க காலம் தொட்டு அறுபடாமல் வருகிறது என்பதற்கு இதற்குமேல் சான்று கேட்பவர்கள் வீடு மாற்றாதவர்களாகவே இருப்பார்கள்.

இனி கோட்பாட்டுக்கு வருவோம். மூட்டை கட்டுதல் பரணில் தொடங்குகிறது. பரணிலிருந்து ஒரு பொருள் இறங்குகிறது. இறக்கியவர், “அத்தை, இந்தச் சொம்பைப் போட்டுடலாமா?” என்கிறார். “அது எங்க பெரியண்ணன் சீர்ல வச்சது. கெடக்கட்டும், எதுக்காவது ஆகும்” என்று பதில் வருகிறது. சொம்பு பெட்டிக்குள் போகிறது. இந்த உரையாடல் பெயர்கள் மட்டும் மாறி, எல்லாப் பரண்களுக்கும் கீழே நடக்கிறது. பேசுபவர் மாமியாராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாமியாரைக் குறை சொல்லும் மருமகனே பழைய போன் சார்ஜர்களைப் பற்றி இதே வாக்கியத்தைச் சொல்வதைக் கேட்கலாம்.

எவர்சில்வர் பாத்திரங்களைத் தூக்கி எறிய முடியாததற்குக் காரணம் கல்வெட்டியல் சார்ந்தது. கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் கொடுத்தவரின் இனிஷியல், பெயர், சில நேரம் ஊர், நாள் எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். கோயில் சுவரில் தானம் கொடுத்தவர் பேர் இருக்கும்வரை தானம் நிற்கும் என்பதே இங்கும் சட்டம். பெயர் வெட்டிய டிபன் கேரியரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டால், அதே பேருடையவர் மறுவாரம் வீட்டுக்கு வந்து, “நாங்க வச்சது இருக்கா?” என்பார். ஆகவே மூடி தொலைந்த கேரியரும் வீடு வீடாக ஏறி இறங்குகிறது.

பைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. இரண்டுமே நம் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பைக்குள் இருக்கும் பைகளை எட்டவில்லை. அங்குள்ள தாம்பூலப் பைகளில் பேர் போட்ட மணமக்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள்.

பரணிலேயே பெரிய பொருள் டி.வி. வந்த அட்டைப்பெட்டி. டி.வி.யை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாகிவிட்டது. பெட்டியும் உள்ளே தெர்மாகோலும் இருக்கின்றன. இப்போதைய டி.வி. அதைவிட அகலம், அது போர்வையில் சுற்றப்பட்டு யாருடைய மடியிலாவது பயணம் செய்யும். வெறும் தெர்மாகோலுக்குக் குட்டி யானையில் நல்ல இடம் கிடைக்கும்.

பெட்டிகளின் மேல் எழுதும் முறையைத் தனியே ஆராய வேண்டும். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய முதல் பெட்டியில், முத்து முத்தான கையெழுத்தில், “சமையலறை: பெரிய டம்ளர், சின்ன டம்ளர், டவரா செட், பால் கரண்டி” என்று இருக்கும். பிற்பகலில் அது “சமையல்” ஆகும். விளக்கு வைக்கும் நேரத்தில் “சாமான்”. இரவு பத்து மணிக்குமேல் கட்டப்படும் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பேர்: “இதர”. என் கருத்தில் ஒரு குடும்பத்தின் உண்மையான இருப்பு இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. குக்கர் கேஸ்கெட், வாக்காளர் அட்டை, பல்லி மருந்து, கொலுசின் ஒற்றைத் திருகு, செத்துப்போன மிக்ஸியின் வாரன்டி கார்டு, யாருடையது என்று தெரியாத கண்ணாடிக் கூடு, இவை யாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். காலையில் கேஸ் புத்தகம் தேவைப்படும்.

“ஏங்க, இந்தப் பொட்டியில என்ன இருக்கு?”

“இதரன்னு போட்டிருக்கே.”

கத்தரிக்கோலும் டேப்பும் இந்தப் பெட்டிக்குள்தான் போகின்றன என்பது கள ஆய்வில் உறுதியானது. பெட்டியை ஒட்ட டேப் வேண்டும், டேப்பை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும். இரண்டும் எப்படி உள்ளே போகின்றன என்பது இன்னும் விளங்கவில்லை. காலி செய்யும் வீட்டின் சாவியும் சில நேரம் அங்கேயே இருக்கும். அட்வான்ஸைத் திருப்பித் தர வந்த வீட்டுக்காரர், ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டு நிற்பார்.

உறை போடும் பொருள்களில் பழைய செய்தித்தாள் மெதுவானது; கட்டுகிறவர் அதைப் படித்துவிடுகிறார். பபிள் ராப் 1957-இல் அமெரிக்காவில் சுவரில் ஒட்டும் காகிதமாகப் பயன்படட்டும் என்று செய்து பார்க்கப்பட்டது. சுவரில் யாரும் ஒட்டவில்லை, பிறகு பொட்டலம் கட்ட உதவியது. எதுக்காவது ஆகும் கோட்பாட்டுக்கு உலக அளவில் கிடைத்த நல்ல சான்று இது ஒன்றுதான்.

காலம் பற்றியும் ஒரு சொல். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆகையால் ஆனிக் கடைசியில் ஊரே வண்டி தேடும். நல்ல நாளும் வண்டி கிடைக்கும் நாளும் ஒன்றாக வருவதில்லை என்பதால், முன்கூட்டியே போய் சாமி படம், உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர் வைத்துப் பாலைக் காய்ச்சிப் பொங்க விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சாஸ்திரப்படி குடியேறியாகிவிட்டது, சோறும் தூக்கமும் பழைய வீட்டில். இந்த இடைக்காலத்தில் அந்தக் குடும்பம் எந்த வீட்டில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பஞ்சாங்கத்திடமும் வாடகை ஒப்பந்தத்திடமும் வெவ்வேறு விடைகள் உண்டு.

நம்மவர்களுக்குப் பொருளைக் கட்டத் தெரியாது என்று இதிலிருந்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கொலு பொம்மைப் பெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு பொம்மையும் பழைய மல் வேட்டித் துணியில் தலை முதலில் சுற்றப்பட்டு, மூக்கும் கைவிரலும் இடிபடாதபடி படுக்க வைக்கப்பட்டிருக்கும். கனமானவை அடியில், பூச்சி வராமல் வசம்பு மூலையில். எந்தத் தெய்வம் எந்த அடுக்கில் என்பது கண்ணை மூடிக்கொண்டும் சொல்லப்படும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து மூடுவதால் வந்த தேர்ச்சி இது. இந்தப் பெட்டியைக் கட்டும் பாட்டிதான் மற்றப் பொருள்களை எதுக்காவது ஆகும் என்கிறார். பொம்மைகளைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. அவை எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

கோட்பாட்டைச் சோதிக்க ஒரே ஒரு பொருள் போதும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின் புதிதாக வரும்போது, உள்ளே இருக்கும் டிரம் ஆடாமல் இருக்கப் பின்புறம் நீளமான போல்ட்டுகள் முடுக்கப்பட்டிருக்கும். மாட்ட வந்தவர் அவற்றைக் கழற்றி நம் கையில் கொடுத்து, “சார், எங்கேயாவது ஷிஃப்ட் பண்றப்போ திரும்பப் போடணும், பத்திரம்” என்பார். கூட வரும் கையேட்டிலும் அது அச்சாகியிருக்கும். ஸ்பிரிங்கில் தொங்கும் டிரம்மை அந்தப் போல்ட்டுகள் இல்லாமல் வண்டியில் ஏற்றினால், பள்ளத்துக்குப் பள்ளம் பக்கச் சுவரில் போய் மோதும். வீட்டில் உள்ள அத்தனை பொருள்களிலும், எப்போது, எதற்கு ஆகும் என்று எழுத்தில் உறுதி தரப்பட்ட ஒரே பொருள் இது. “இது எதுக்கு?” என்று அன்றைக்கே தூக்கிப் போடப்படுவதும் இதுதான்.

எனவே இக்கோட்பாடு ஆகாத பொருளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது எம் துணிபு. முன்கதவு மெஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே அந்தப் போல்ட்டுகளைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒரு கவரில் போட்டு மெஷினின் முதுகிலேயே டேப்பால் ஒட்டிவிடுங்கள். பரணில் மட்டும் வைக்காதீர்கள்.