பாதி மலையில் நெரிசல்

கேள்வி: மலை ஏற ஏற உயிரின வகைகள் குறைந்துகொண்டே போகுமாமே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. அதுவும் எந்த மலை, யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

5,895 மீட்டர் உயர கிளிமஞ்சாரோவில் பெரணிகளை எண்ணினால், கூட்டம் அடிவாரத்திலும் இல்லை, உச்சியிலும் இல்லை, நடுவில்தான். கீழே வறண்ட புல்வெளி, மேலே பனியும் பாறையும். இடையில் மேகம் உரசிப் போகும் காடு. அங்கே மரக்கிளைகள் பாசி மெத்தை போர்த்திக் கிடக்கும். அதில் வேர்விட்டு வாழும் சில பெரணிகளின் இலை ஒரே ஒரு செல் தடிமன்தான். கண்ணாடித் தாள்போல வெளிச்சம் ஊடுருவும். காற்று கொஞ்சம் காய்ந்தாலே சுருண்டுவிடும். ஈரம் எங்கேயோ, குடித்தனம் அங்கே.

வௌவால்கள் வேறு கட்சி. அடிவாரமே வெப்பமும் ஈரமுமான மலை என்றால் கீழேதான் அவற்றில் வகை அதிகம், ஏற ஏறக் குறையும். அடிவாரம் வறண்டிருந்தால் அவையும் நடு மலைக்குக் குடிபெயரும். பூச்சியும் தண்ணீரும் கிடைக்க வேண்டுமே!

உச்சிப் பகுதியில் ஆள் குறைவு என்பதற்காக அதை இளக்காரமாக நினைக்கக் கூடாது. அந்தந்த மலையை விட்டால் வேறெங்கும் இல்லாதவர்களின் பங்கு பெரும்பாலும் அங்கேதான் அதிகம். நீலகிரிச் சிரிப்பான் பறவைக்கு நீலகிரியின் மேட்டுச் சோலைகளும் சுற்றுப்புறமும்தான் உலகமே. ஊட்டியில் புதருக்குள்ளிருந்து யாரோ கெக்கலித்துச் சிரித்தால் பெரும்பாலும் அதுதான். சுற்றுலாப் பயணிகள் தம் குல்லாவைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.