தேசும் மாசும்: தொடக்கநிலை ஜப்பானியம் என்னும் தனிமொழி குறித்து ஓர் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் தொடக்கநிலை ஜப்பானியம் ஜப்பானிய மொழியின் முதற்படி அன்று, தனக்கென இலக்கணமும் குடிமக்களும் கொண்ட வேறொரு மொழி என்று நிறுவுதல் நுதலிற்று. ஆய்வு நடந்த காலத்தில் இம்மொழியை உலகில் பேசியோர் தொகை 15. மாணவர் 14, ஆசிரியை 1. அந்த ஆசிரியையும் வகுப்பு முடிந்ததும் தாழ்வாரத்தில் வேறு மொழிக்கு மாறிவிடுவார்.

ஆய்வாளன் கான்கிரீட்டில் விழும் விரிசல்களைப் பற்றி முனைவர் பட்டம் செய்ய அங்கே போனவன். ஆய்வெல்லாம் ஆங்கிலத்தில்தான், ஜப்பானியம் தேவைப்படாது என்று சொல்லித்தான் அழைத்தார்கள். உண்மைதான், விரிசலுக்குத் தேவைப்படவில்லை. சோறு வாங்கத் தேவைப்பட்டது. ஆகவே ஒரு பருவம் முழுக்க, வாரம் மூன்று காலை, மூன்றாம் மாடியில் ஒரு வகுப்பறையில் இக்கள ஆய்வு நிகழ்ந்தது.

இம்மொழியின் மறைநூல் 'மின்ன நோ நிஹொங்கோ'. எல்லாருக்குமான ஜப்பானியம் என்று பொருள். 1998-இல் வெளிவந்தது, முதல் நிலையின் முதல் பகுதியில் 25 பாடங்கள். அதன் நாயகர் மைக் மில்லர் என்னும் அமெரிக்கர், ஐஎம்சி என்ற கற்பனை நிறுவனத்தின் ஊழியர். தொடக்கநிலை ஜப்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்பது என் துணிபு. அவருடைய உலகத்தில் எல்லாரும் காலையில் குறித்த நேரத்தில் எழுகிறார்கள், வங்கி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கிறார்கள், யாராவது எதற்காவது அழைத்தால் மகிழ்ச்சியோடு போகிறார்கள். நம் நாட்டின் சார்பில் குப்தா என்றொருவரும் அதே நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஆனால் வசனமெல்லாம் மில்லருக்குத்தான். நம் சினிமாவில் கதாநாயகனின் நண்பனுக்கு என்ன கதியோ அதுதான் குப்தாவுக்கும்.

இனி இலக்கணம். முதல் நூற்பா ஆய்வாளனே யாத்தது:

தேசும் மாசும் முடிக்கும் சொல்லே.

இதன் பொருள்: பெயரில் முடியும் தொடர் 'தேசு' என்றும், வினையில் முடியும் தொடர் 'மாசு' என்றும் முடியும் என்றவாறு. தமிழில் தேசு என்றால் ஒளி, மாசு என்றால் அழுக்கு. ஒளியும் அழுக்கும் மாறி மாறி வருவதே வாழ்க்கை என்று நான் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். ஆசிரியை அதைக் கேட்கவில்லை, 'உ'கரத்தை விழுங்கு, 'தெஸ்' என்று சொல் என்றார். குற்றியலுகரம் தெரிந்த பரம்பரையில் வந்தவனுக்கு இது ஒரு பொருட்டா என்று தலையை நிமிர்த்தினேன். அன்றைய நிமிர்வு அத்தோடு நிற்கவில்லை என்பதைப் பின்னால் சொல்வேன்.

அடுத்து வினா. ஆசிரியை ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டி "கோரே வா பென் தேசு கா?" என்பார். இது பேனாவா? 14 பேரும் ஒரே குரலில் ஆம் என்போம். பிறகு பென்சிலைத் தூக்கி, இது பேனாவா? இல்லை, பென்சில். பவணந்தியார் வினாவை ஆறாக வகுத்தார். ஆசிரியர் தமக்குத் தெரிந்ததையே மாணாக்கரிடம் கேட்பது அறிவினா. ஆனால் கேட்பவருக்கும் தெரிந்து, கேட்கப்படுபவருக்கும் தெரிந்து, சன்னலுக்கு வெளியே செடி வெட்டுகிறவருக்கும் தெரிந்த ஒன்றைப் பற்றிய வினா எந்த வகையில் சேரும்? அதை ஏழாம் வினா என்று கொள்க. தொடக்கநிலை ஜப்பானியத்தில் மற்ற ஆறுக்கும் வேலையில்லை.

எழுத்தைப் பொறுத்தவரை தமிழனுக்கு முதல் வாரம் திருவிழா. ஹிரகானா 46 எழுத்து. அட்டவணையின் மேல்வரி அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று வரிசை இறங்குகிறது. ஹகர வரிசை பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்கிறார்கள் மொழி வரலாற்றாளர்கள். அதையும் திருத்திக்கொண்டால் இது நம் திண்ணைப் பள்ளி வரிசைதான். புத்தமதத்தோடு போன சித்தம் எழுத்தைப் படித்த துறவிகள் வழியாக இந்திய நெடுங்கணக்கின் முறை அங்கே சேர்ந்தது. ஜெர்மானியத் தோழர் அட்டவணையைக் குளியலறையில் ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தபோது நான் ஒன்றாம் வகுப்பு நினைவோடு ஒப்பித்துவிட்டேன். வகுப்பில் அது வரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன்: மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

சுட்டுப் பாடத்தில்தான் இந்த ஆய்வு உச்சம் தொட்டது. ஜப்பானியத்தில் என்னருகே இருப்பது 'கோரே', உன்னருகே இருப்பது 'சோரே', இருவருக்கும் எட்ட இருப்பது 'ஆரே', எதுவென்று தெரியாதது 'தோரே'. நடுவில் உள்ள 'சோரே' வகுப்பில் இருந்த அமெரிக்கருக்கும் ஜெர்மானியருக்கும் பிடிபடவே இல்லை. ஆசிரியை மேசைகளுக்கு நடுவே ஓடி ஓடிக் காட்டினார். நான் தொல்காப்பியத்தை நினைத்தேன்: அ, இ, உ அம்மூன்றும் சுட்டு. இது, உது, அது, எது. 'உது' இறந்துபோன சொல்லாயிற்றே, ஜப்பானில் உயிரோடு இருக்கிறதே என்று உருகி, பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துத் தோழரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உதிலை என்ன அதிசயம்? இங்கை, உங்கை, அங்கை. இந்த, உந்த, அந்த. நாங்கள் ஒவ்வொரு நாளும் கதைக்கிறதுதானே. நீங்கள் துலைச்சுப்போட்டு ஜப்பானிலை தேடுறியள்."

'கொக்கோ, சொக்கோ, அசொக்கோ', 'கொனோ, சொனோ, அனோ' என்று புத்தகத்தில் அடுத்து வந்தவற்றுக்கும் அவரிடமே விடை இருந்தது. அந்தப் பாடம் முழுக்க அவர் ஒரு தவறும் செய்யவில்லை. நான் நான்கு செய்தேன். 'உது' இலக்கணமாகத் தெரிந்தவனுக்கும் அது வாயில் இருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு நான்கு மதிப்பெண் என்று இதனால் அறியப்படும்.

பதினான்காம் பாடத்தில் 'தே' வடிவம் வருகிறது. நம் வினையெச்சம்தான். ஜப்பானிய வினை எந்த ஒலியில் முடிகிறதோ அதற்கேற்ப 'த்தே', 'ந்தே', 'இதே', 'ஷிதே' என்று மாறும். இதைப் பிற நாட்டு மாணவர்கள் ஏதாவதொரு குழந்தைப் பாட்டின் மெட்டில் பாடி நெட்டுருப் போடுவது உலக வழக்கு. படி படித்து, நில் நின்று, கேள் கேட்டு, போ போய் என்று மூன்று வயதில் ஒரு மெட்டும் இல்லாமல் கற்றுக்கொண்ட இனத்துக்குப் பாட்டு எதற்கு? அதோடு நிற்காமல், அந்த எச்சத்தின் மேல் துணைவினை வந்து ஏறுகிற அழகு இருக்கிறதே! 'தபேதே மிமாசு' என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். 'மிரு' என்றால் பார். 'கயிதே ஓகிமாசு', எழுதி வைக்கிறேன். 'ஓகு' என்றால் வை. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'இத்தே கிமாசு' என்கிறார்: போய் வருகிறேன். சொல்லுக்குச் சொல். 'போகிறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வர்றேன்னு சொல்லுடா' என்று வாசலில் நின்று திருத்திய என் பாட்டி இதற்காக எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேரவில்லை.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழி அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நானும் ஒழுங்கான மனநிலையில் இருக்கும்போது ஏற்பதில்லை. ஆனால் பதினான்காம் பாடம் நடந்த வாரம் நான் ஒழுங்கான மனநிலையில் இல்லை.

திணைப் பாகுபாட்டில் முதல் அடி விழுந்தது. ஜப்பானியத்தில் 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு சொல். உயிருள்ளதற்கு 'இமாசு', இல்லாததற்கு 'அரிமாசு'. நாய் 'இமாசு'. மனிதனும் நாயும் ஒரே வினை. தொல்காப்பியர் நாயை அஃறிணையில் வைத்தவர். பல நூற்றாண்டுப் பழக்கம் ஒரே பாடத்தில் போகுமா? நான் நாயை நாற்காலியோடு சேர்த்தே பேசினேன். ஆசிரியை முகம் வாடியது, அவர் வீட்டில் நாய் இருக்கிறது. மீன் கடலில் 'இமாசு', கடையில் 'அரிமாசு'. பேய் 'இமாசு'. ஓட்டுநரோடு காத்து நிற்கும் டாக்சியையும் 'இமாசு' என்பார்கள். இந்தத் திணைக்கொள்கையின் தர்க்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. மீனுக்கு அந்த வினை எந்த நிமிடத்தில் மாறுகிறது என்பதை மட்டும் இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்ணிக்கை வேறொரு காடு. நீளமான பொருளை எண்ண ஒரு சொல், தட்டையானதற்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று, எந்திரத்துக்கு ஒன்று. சிறு விலங்குக்கு 'ஹிகி'. ஆனால் முயலைப் பறவையோடு சேர்த்து 'வா' என்று எண்ணும் மரபு உண்டு. பென்சில் ஒன்று 'இப்பொன்', இரண்டு 'நிஹொன்', மூன்று 'சம்பொன்'. இதைக் கேட்டு அமெரிக்கர் புத்தகத்தை மூடிவிட்டார். பூவை முழத்திலும் வாழைப்பழத்தைச் சீப்பிலும் எண்ணுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு மூடத் தோன்றவில்லை. மனிதரை 'ஹிதோரி', 'ஃபுதாரி' என்று எண்ணிவிட்டு மூன்றிலிருந்து திடீரென 'நின்' என்று மாறுகிறார்களே என்று அவர் புலம்பினார். ஒருத்தர், ரெண்டு பேர், மூணு பேர் என்று நாமும் ஒன்றில் ஒரு பேச்சும் இரண்டில் ஒரு பேச்சுமாகத்தான் இருக்கிறோம் என்று சொல்லித் தேற்றினேன். அவர் தேறவில்லை.

இங்கேதான் நிமிர்ந்த தலை குனிந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். குறில் நெடிலும் ஒற்று மிகுவதும் மிகாததும் ஜப்பானியத்தில் பொருளை மாற்றும். 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' பாட்டி. தமிழ்க் காதுக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் தமிழ் எழுத்து? நான் குறிப்புகளைத் தமிழில் எழுதி வந்தேன். சாவி 'ககி' என்றும் சீமைப் பனிச்சம்பழம் 'ககி' என்றும் ஒன்றாகவே வந்து விழுந்தன. ஒன்றில் வல்லொலி, ஒன்றில் மெல்லிய ககரம், நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே உரு. பழக்கடையில் சாவி கேட்டதெல்லாம் சிறு பிழை. பெரிய பிழை தேதியில் நேர்ந்தது. மாதத்தின் 4-ஆம் நாள் 'யொக்கா', 8-ஆம் நாள் 'யோகா', இரண்டாவதில் ககரம் வல்லொலி. தேர்வு 8-ஆம் தேதி என்று ஆசிரியை சொன்னதை அப்படியே எழுதினேன்: யோகா, 9 மணி.

யாழ்ப்பாணத் தோழர் என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "நீங்கள் யோகாவும் செய்யிறியளோ?" என்று மரியாதையோடு கேட்டார். நான் யோகா செய்கிறவன் அல்லன். ஆகவே எழுதும்போது ஒரு 'க்' விட்டுப்போயிற்று, அது யொக்கா என்று முடிவுசெய்து, இரவெல்லாம் படித்து, 4-ஆம் தேதி காலை ஒன்பதுக்கு வகுப்பறைக்குப் போனேன். கட்டடமே பூட்டியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று தேர்வு வைக்கும் அளவுக்கு ஜப்பானியர் உழைப்பாளிகள் என்று அரைமணி நேரம் நம்பிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்ததும் என் பிழையே.

கஞ்சி எனப்படும் சீன எழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன், நான் கற்றதும் சுருக்கம்தான். பொதுப் பயன்பாட்டுக்கு என்று அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்து. ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லில் சூரியன் என்ற எழுத்து இரண்டு முறை வருகிறது, முதலில் 'நிச்சி' என்றும் கடைசியில் 'பி' என்றும் படிக்க வேண்டும். வகுப்பில் இரண்டு சீனர். அவர்கள் செய்தித்தாளைப் பார்த்ததும் பாதி புரிந்துகொள்வார்கள், வணக்கம் சொல்லத் திணறுவார்கள். 'கை', 'காகிதம்' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஜப்பானியருக்குக் கடிதம், சீனருக்குக் கழிப்பறைத் தாள். "பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன்" என்ற பாடம் நடந்த அன்று அவ்விருவரும் பட்ட பாட்டை ஆய்வு நெறி கருதி இங்கே விரிக்கவில்லை.

இனி மேற்கோளின் முடிந்த சான்று. ஐந்து மாதம் கழித்து, மாசும் தேசும் நன்கு தேறிய நிலையில், தெருமுனைக் கடையில் சோற்றுப்பெட்டியோடு கல்லாவில் நின்றேன். மில்லர் கடைக்குப் போனால் கடைக்காரர் விலையைச் சொல்வார், மில்லர் 'இதைக் கொடுங்கள்' என்பார், அதோடு சரி. இந்தப் பெண்ணோ ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டாள். சூடாக்கவா, பை வேண்டுமா, புள்ளி அட்டை உண்டா என்பவை அவை என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. 2020 ஜூலையிலிருந்து நெகிழிப் பைக்குக் காசு என்பதால் பைக் கேள்வி கட்டாயம். அதையும் அவள் 'வேண்டுமா' என்று கேட்கவில்லை, 'தாங்கள் பயன்படுத்தத் திருவுளமோ' என்கிற தோரணையில் கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'ஹாய்', அதாவது ஆம், என்றேன். கொதிக்கும் பெட்டியோடும் தேவையில்லாத பையோடும் வெளியே வந்தேன். ஜப்பானியர் பேசுவது தொடக்கநிலை ஜப்பானியம் அன்று என்பது இதனால் பெறப்பட்டது.

புறனடையாக ஒரு விதி. 'கொன்னிச்சிவா' என்று ஒரே சொல் சொன்னால் போதும், உங்கள் ஜப்பானியம் அருமை, 'ஜோஸு' என்று புகழ்வார்கள். நன்றாகப் பேசத் தொடங்கினால் புகழ்ச்சி குறையும். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்வி மட்டும் வரும். ஆகவே புகழ் திறமைக்கு எதிர்விகிதத்தில் நிற்கும்.

பருவம் முடிந்ததும் பேச்சாளர்கள் சிதறினார்கள். மொழி ஆவணமாக்கம் செய்வோர் சொல்வது போல, அருகிவரும் மொழி அழியும் முன் கடைசிப் பேச்சாளர்களைப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு கழித்து ஒரு ரயில் நிலையத்தில், சீட்டு எந்திரத்தின் முன்னால், வகுப்பில் எனக்கு முன் வரிசையில் இருந்த இந்தோனேசியத் தோழரைக் கண்டேன். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அந்த மொழி ஒன்றுதான். அவர் எந்திரத்திலிருந்து சீட்டை எடுத்து, என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"கோரே வா நான் தேசு கா?"

"சோரே வா கிப்பு தேசு."

இது என்ன? உது சீட்டு. மறுமொழியில் சுட்டு மாறியதை உற்று நோக்குக. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற முதியவர் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்லக் கைதட்டினார்.

"ஜோஸு தேசு நே!"