மாமனாரின் பிரஷர் கணக்கு

என் மாமனார் ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர். எந்தக் கணக்கும் நேராகாமல் அவருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட மனிதருக்கு யாரோ புண்ணியவான் பி.பி. மெஷின் ஒன்றைப் பரிசளித்துவிட்டார். காப்பிக்கு முன், காப்பிக்குப் பின், சீரியலில் வில்லி வாய் திறக்கும்போது, ராத்திரி பாத்ரூம் போய் வந்ததும் என்று பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதைப் பிரிக்கிற 'பர்ர்ர்' சத்தம் கேட்டதும் மாமியார் கண்ணைத் திறக்காமலே "எவ்வளவு?" என்பார். பதில் சிவப்பு மையில் நோட்டில் ஏறும்.

ஒருநாள் 108/68 வந்தது. மாமனார் முகத்தில் வீட்டுக்கடன் அடைத்து முடித்த களை. "மாப்ளே, கணக்கு முடிஞ்சிருச்சு. இனிமே மாத்திரை எதுக்கு? இன்னும் போட்டா ஜீரோவுக்கு இறங்கிடும்."

கிறுகிறுப்பு, தள்ளாட்டம் எதுவும் இல்லாதவருக்கு 108/68 நல்ல கணக்கு. பொதுவாக 90/60-க்குக் கீழே போனால்தான் லோ பிரஷர் என்பார்கள். இந்த எண்ணை எட்டத்தானே மாத்திரையே? போன வருஷம் பிரஷர் இறங்காதபோது "இந்த மாத்திரை வேலையே செய்யல" என்று சலித்துக்கொண்டவரும் இவரேதான். வேலை செய்யாவிட்டாலும் குற்றம், செய்தாலும் குற்றம்! மாத்திரைக்கும் மருமகனுக்கும் ஒரே ஜாதகம் போலிருக்கிறது.

யோசனை கேட்க அவர் டாக்டரிடம் போகவில்லை, பார்க்குக்குப் போனார். எங்கள் ஊர்ப் பூங்காவில் நடைபாதையைவிட சிமெண்டு பெஞ்சில்தான் கூட்டம் அதிகம். "அம்லோடிபினா? கால் வீங்கும், உடனே நிறுத்துங்க" என்றார் முன்னாள் தாசில்தார். சிலருக்குக் கால் வீங்குவது உண்மைதான், ஆனால் மாமனார் கால் வீங்கவில்லை. "பாதியா ஒடிச்சுப் போடுங்க" என்றார் மின்வாரியத்துக்காரர். மூன்றாமவர் இயற்கைப் பிரியர். "இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், சர்ப்பகந்தா வேர் போதும்" என்றார்.

சர்ப்பகந்தாவைச் சும்மா சொல்லக் கூடாது, அது உண்மையிலேயே பிரஷரை இறக்கும். 1949-ல் பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் (பெயர்தான் வக்கீல், ஆள் டாக்டர்) 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதி அதை உலகுக்குக் காட்டினார். அதிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின், 1950-களில் இங்கிலீஷ் மருந்தாகவே விற்றது. சிலருக்கு மனச்சோர்வையும் கொண்டுவந்தது. இந்த இரண்டாம் பாதி மட்டும் பெஞ்சுக்கு வந்து சேரவே இல்லை.

மாமனார் மாத்திரையை நிறுத்தினார். மறுநாள் 112/72. அதற்கும் மறுநாள் 116/74. பார்க்கில் பாராட்டு விழாதான்! ஆனால் அவர் போட்டுவந்த அம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். விழுங்குவதை நிறுத்தினாலும் பழைய மாத்திரைதான் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தது. பாராட்டு மட்டும் தாசில்தாருக்குப் போயிற்று.

அடுத்த வாரம் 164/98. மாமனார் முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டு பேட்டரியை மாற்றினார். பிறகு மாமியார் கையில் கட்டிப் பார்த்தார். 122/78. "மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்று மாமியார் பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதி எல்லோருக்கும் புரிந்தது.

"யாருங்க நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"பிரஷர்தான் சார். கம்மியா இருந்துச்சே."

"இது அடைச்சு முடிக்கிற கடன் இல்லீங்க, வாடகை. குடியிருக்கிற வரைக்கும் கட்டணும்."

காசாளர் விடுவாரா? "வாடகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா சார்?"

"குறைக்கலாம். உப்பைக் குறைங்க, எடையைக் குறைங்க, நான் மாத்திரையைக் குறைக்கிறேன். சிலருக்கு நிறுத்தியும் இருக்கேன். ஆனா நீங்களா வீட்டைக் காலி பண்ணக் கூடாது."

பிறகு நோட்டைப் புரட்டினார். சட்டைக் கை மேலேயே பட்டை கட்டி, கால் மேல் கால் போட்டு, மாமியாரோடு வாதாடிக்கொண்டே எடுத்த எண்கள் எல்லாம் தள்ளுபடி. காப்பி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து எடுங்கள் என்றார். அந்த ஐந்து நிமிஷ மௌனத்துக்காகவே மாமியார் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நிஜமாகவே பிரஷர் இறங்கும் சமயங்களும் உண்டு. வயிற்றுப்போக்கு, வாந்தி, சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவது, புதிதாகச் சேர்ந்த புராஸ்டேட் மாத்திரை எல்லாம் அதற்குக் காரணமாகலாம். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? உட்கார்ந்து ஒரு தடவை, நின்று மூன்று நிமிஷத்துக்குள் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட வேண்டும். மயங்கி விழுந்தால் போனோடு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிதான். அப்போதும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் வகையறா பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். அவற்றைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

பார்க் பெஞ்சுப் பெரியவர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். கத்தரிக்காய் விலை, கிரிக்கெட், மத்திய பட்ஜெட் எதைப் பற்றி வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லுங்கள். அடுத்தவர் மாத்திரையை மட்டும் அவருடைய டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.